நர்சம்மாவின் இரையில்லாத் தூண்டில்

கர்ர்ர் என்ற சத்தம்தான் முதலில் கேட்டது; ஆளை அப்புறம்தான் பார்த்தேன். கார்த்திகைக் கடைசி. இரவெல்லாம் பெய்த மழை விட்டு, வெயில் இன்னும் ஏறாத காலை. ஆறு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் வீட்டிலிருந்த அழுக்குத் துணிகளை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போயிருந்தேன். எங்கள் ஊர்க் கிணறுகளில் உப்புத் தண்ணீர். வைகை நிறைந்து, ராமநாதபுரம் பெரிய கண்மாய் நிறைந்து, கலுங்கு வழிந்து, மிச்சம் மீதித் தண்ணீர் எங்கள் ஊர் வழியாகக் கடலுக்குப் போகும் அந்தச் சில வாரங்களில்தான் எங்கள் சேலைகளிலிருந்து உப்பு இறங்கும். ஆற்றுவாய்க்குச் சற்று மேலே, முழங்காலுக்கு மேல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பெண் தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தார். வாடைக்காற்று எலும்பு வரைக்கும் போனது. அவருக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை. கையில் ஆளுயரத்துக்கு மேல் நீண்ட ஒரு மெல்லிய பிரம்பு, அதன் அடியில் கைப்பிடி வைத்த ஒரு சின்னச் சக்கரம். பிரம்பைப் பின்னால் சாய்த்து முன்னால் வீசினார். வெள்ளையாக ஏதோ ஒன்று பளிச்சென்று பறந்து நடு ஆற்றில் விழுந்தது. உடனே சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தார். அந்தக் கர்ர்ர் மறுபடியும் கேட்டது.

தூண்டில் என்றால் எனக்குத் தெரியும். தேவிபட்டினத்தில் பிறந்தவள் நான், மீன்பிடிக்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். வீசின தூண்டில் அசையாமல் கிடக்க வேண்டும். வீசின கையோடு இழுக்கிற கூத்தை அன்றுதான் பார்த்தேன். அந்த வெள்ளைப் பொருள் கரைக்குத் திரும்பி வந்தபோது இன்னொன்றையும் பார்த்துவிட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"எரை மாட்ட மறந்துட்டீக," என்று கரையிலிருந்து கத்தினேன்.

"மறக்கலீங்க. இதுக்கு எரை வேண்டாமுங்க."

"பொறகு எதுக்கு மீனு வரும்? ஒங்க முகத்தைப் பாக்கவா?"

"கொஞ்சம் பொறுங்க," என்று சொல்லிவிட்டு மறுபடியும் வீசினார். நான் இரண்டு சேலையைக் கும்மி, பிழிந்து, சிரித்துச் சிரித்து மூன்றாவது சேலையை எடுத்தபோது பிரம்பு சடக்கென்று வளைந்தது. ஆற்றின் நடுவில் ஒரு கொடுவா மீன், முதுகு முழுவதும் தெரியும்படி எகிறி, தலையை உதறி, தண்ணீரை அறைந்துகொண்டு விழுந்தது. அவர் அதனோடு மல்லுக்கட்டவில்லை. அது ஓடியபோது விட்டார், நின்றபோது சுற்றினார். கடைசியில் செவுளுக்குள் விரலைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு கரையேறி, என் துணி மூட்டைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, "மொகத்தைப் பாத்துட்டுத்தான் வந்துச்சுங்க," என்றார். வயிற்றுப் பிள்ளையோடு அப்படிச் சிரிக்கக் கூடாது என்று சொல்வார்கள். அன்றைக்கு வலிக்கும் வரை சிரித்தேன்.

அவர்தான் எங்கள் ஊர் சர்க்கார் மருந்தகத்துக்குப் புதிதாக வந்திருந்த நர்சம்மா. பிரசவம் பார்ப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலுக்கு மருந்து கலந்து கொடுப்பது எல்லாம் அவர் ஒருவர்தான். டாக்டர் எப்போதாவது வருவார். நீலகிரிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்தவரை இங்கே தூக்கிப் போட்டிருந்தார்கள். அங்கே மேலதிகாரி ஒருவர், தன் வீட்டு விசேஷத்துக்கு வந்து பாத்திரம் கழுவச் சொன்னாராம். "நான் நர்சுங்க, உங்க வீட்டு வேலைக்காரி இல்லீங்க," என்று இவர் சொன்னாராம். எல்லோரிடமும் எதையும் "ங்க" போட்டுத்தான் பேசுவார். திட்டும்போதும் அந்த "ங்க" போகாது. அந்தக் காலத்தில் அதிகாரிகள் கீழே உள்ளவர்களை மிரட்டுவதற்கு ஒரு வசனம் வைத்திருந்தார்கள்: தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன். அந்தக் காடு நாங்கள்தான். எங்களைக் காட்டித்தான் ஊர் உலகத்தைப் பயமுறுத்துகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. "தண்ணியில்லாக் காடுன்னுதானுங்க அனுப்புனாங்க. வந்து பாத்தா ஆறு ஓடுது. அவருக்கு ஒரு நன்றிக் கடுதாசி போடலாம்னு இருக்கறனுங்க," என்பார் நர்சம்மா. போட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

அவருடைய அப்பா மலையில் ஓடைக் காவல் வேலை பார்த்தவர். வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊரிலிருந்து டிரவுட் என்று ஒரு மீனைக் கொண்டுவந்து மலை ஓடைகளில் விட்டு வளர்த்து, அதைத் தாங்களே பிடித்து விளையாடுவார்களாம். புல்லெல்லாம் உறைபனி படிந்து வெள்ளையாகக் கிடக்கும் காலத்தில் தொடை அளவு தண்ணீரில் நின்று வீசுவார்களாம். நாடு விட்டுப் போகும்போது ஒரு துரை தன் பிரம்பையும் சக்கரத்தையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா அதை மகன்களுக்குத் தராமல் மகளுக்குத் தந்தார். மகன்களுக்குப் பொறுமை கிடையாது என்பது அவர் சொன்ன காரணம். "அந்த டிரவுட்டு ஒரு முழம் இருந்தாலே பெரிசுங்க. உங்க கொடுவா அதுக்குப் பாட்டன்," என்று நர்சம்மா சொன்னபோது எனக்கு ஏதோ என் பிறந்த வீட்டைப் புகழ்ந்த மாதிரி இருந்தது. மார்கழியில் மழைத்தண்ணீர் கடலில் கலக்கும் இடத்தைத் தேடிக் கொடுவா வரும் என்பதையும், சின்ன மடவை மீன்களைத் துரத்திக்கொண்டு அது மேலே ஏறும் என்பதையும் அவர் தானாகவே பார்த்துக் கண்டுபிடித்திருந்தார். மருந்தகம் திறக்கும் நேரம் வரை ஆறு, பிறகு மருந்தகம். ஒரு நாள் கூட அந்த ஒழுங்கு தப்பியதில்லை.

இரைக்குப் பதிலாகக் கட்டி வீச அவர் கொண்டுவந்திருந்த வெள்ளைத் தகடுகள் பாறையிலும் வேரிலும் சிக்கி அறுந்துபோனதும் அவரே செய்ய ஆரம்பித்தார். ஒரு பழைய தேக்கரண்டி. காம்பை வெட்டிப் போட்டுவிட்டுக் குழிந்த பாகத்தை மட்டும் எடுத்து, இரண்டு முனையிலும் துளை போடுவார். ஒன்றில் மூன்று முள் வைத்த கொக்கி, இன்னொன்றில் தூண்டில் நரம்பு. தகட்டின் மேல் ஆணியை வைத்துத் தட்டித் தட்டி வரிசை வரிசையாகப் புள்ளி குத்துவார். கொக்கியின் கழுத்தில் கொஞ்சம் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றுவார். மருந்தக வாசலில் உட்கார்ந்து அவர் இதைச் செய்துகொண்டிருந்தபோது நான் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன். எனக்கு அது வேடிக்கையாகத்தான் தெரிந்தது.

நான் அங்கே போய் உட்கார்ந்ததற்குக் காரணம் இருந்தது. எனக்கு முன்னே இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் தங்கவில்லை. ஒன்று தாய்வீட்டில், ஒன்று மாமியார் வீட்டில். அழுகைச் சத்தம் கேட்காமலே இரண்டையும் கொண்டுபோய்விட்டார்கள். வயிற்றில் இருந்தது மூன்றாவது. இதையும் விட்டுவிட்டால் நான் பிழைத்திருக்கப் போவதில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். நர்சம்மா என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "உள்ள குறுக்கே படுத்திருக்குதுங்க. அதுவா திரும்பினாலும் திரும்பும். திரும்பலைன்னா, வலி எடுத்த உடனே எங்கிட்ட வந்தரோணும். பனிக்குடம் ஒடையறதுக்குள்ள வந்தா நான் வெளிய இருந்தே திருப்பிப் பாக்கறேன். ஒடஞ்சதுக்கு அப்புறம் வந்தா என்னாலயும் ஆகாதுங்க." ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், ஆறு ஓடும் காலத்தில் வண்டிப்பாதை முழுக்கச் சேறு, பாதி வழியில் தண்ணீர். ஆகையால் எனக்கு நர்சம்மாவை விட்டால் நாதியில்லை. வலி எடுத்ததும் மருந்தகத்துக்குக் கூட்டிப்போவதாக வீட்டிலும் சம்மதம் வாங்கிவிட்டேன்.

என் மாமனார் ஆற்றுவாயில் இழுக்கும் கரைவலைக்குச் சம்மாட்டி. வலை அவருடையது, அதை இழுப்பவர்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். ஊர்ப் பஞ்சாயத்திலும் முன்வரிசையில் உட்காருகிறவர். அந்த மார்கழியில் ஆறு நன்றாக வந்தும் வலையில் மீன் படவில்லை. நாள் முழுவதும் இழுத்தால் கூடையின் அடியில் கொஞ்சம் பொடிமீன். பொழுது விடிந்தால் அதே கதை. ஊரில் பேச்சு குறைந்து, எரிச்சல் அதிகமாகிவிட்டது. அப்படி ஒரு நாள் வலையின் மடியைக் கரையில் கொட்டியபோது, பாசிக்கும் நண்டுக்கும் நடுவில் அது கிடந்தது. ஒரு சின்ன வெள்ளைத் தகடு, மேலெல்லாம் வரிசையாகக் குத்தின புள்ளிகள், அடியில் மூன்று முள், முள்ளின் கழுத்தில் சிவப்பு நூல்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதைப் பார்த்தால் என்ன தோன்றும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செய்வினை வைக்கிறவர்கள் தகட்டில் எழுத்துக் குத்தி, சிவப்பு நூல் சுற்றி, ஆணி அடித்து, ஒருவன் பிழைக்கிற இடத்தில் புதைப்பார்கள். வயலில் புதைத்தால் விளையாது, வாசலில் புதைத்தால் விளங்காது. ஆற்றுவாயில் போட்டால் மீன் படாது. எல்லாம் அச்சு அசலாகப் பொருந்திவிட்டது. யாரும் கையால் தொடவில்லை. வேப்பிலைக் கொத்தால் தள்ளி ஒரு மண்சட்டியில் போட்டு, அம்மன் கோயில் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். ஊரே கூடிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்த எனக்கு அது நர்சம்மாவின் தகடு என்று உடனே தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள், மருந்தகத்துக்குப் போகிற வழியில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு நர்சம்மாவே வந்துவிட்டார். சட்டிக்குள் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, இது என்றதுங்க! வேருல மாட்டி அறுந்துபோச்சுன்னு இருந்தேன். குடுங்க."

"ஒங்களுதா?" என்றார் என் மாமனார்.

"ஆமாங்க. நானே செஞ்சதுங்க."

கூட்டம் ஓரடி பின்னால் போனது.

"இதுல குத்திருக்கிறது என்ன எழுத்து?"

"எழுத்து இல்லீங்க. செதிலு. மீனு மாதிரித் தெரியோணும்ல?"

"செவப்பு நூலு?"

"செவப்பைக் கண்டா கொடுவாய்க்கு வெறி வருமுங்க."

"எரை எங்க?"

"எரையே கெடையாதுங்க. தகடு தண்ணிக்குள்ள மினுக்கிட்டே வரும். அதைப் பாத்து மயங்கி மீனு பின்னாலயே வந்துரும்."

கேட்கக் கேட்க எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் தூண்டிலைப் பற்றி உள்ளது உள்ளபடி சொல்லிக்கொண்டிருந்தார். ஊர் அதை ஒப்புதல் வாக்குமூலமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அது சும்மா கரண்டி, நான் செய்யும்போது பார்த்தேன் என்று கத்தினேன். பிள்ளைத்தாய்ச்சி குறுக்கே பேசாதே என்று இழுத்து உட்காரவைத்தார்கள்.

என் மாமனார் கெட்டவர் இல்லை. அவருக்கு ஒரு முடிவு தேவைப்பட்டது. "இந்தாங்கம்மா, ஒங்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லைன்னுதான் எனக்குப் படுது. ஆனா ஊரு வயிறு காயுது. ஆத்தா முன்னால சூடத்தைப் பொருத்தி, ஆத்துவாயில நான் ஒண்ணும் செய்யலைன்னு ஒரு வார்த்தை சொல்லி அணைச்சிட்டுப் போங்க. இத்தோட முடிஞ்சு போகும்," என்றார். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் செய்யும் சத்தியத்துக்கு எங்கள் ஊரில் அப்பீல் கிடையாது. அணைத்தவன் சொன்னது உண்மை. அதற்குப் பிறகு அவனைப் பற்றி யாரும் முணுமுணுக்கக்கூட மாட்டார்கள். மாமா அவருக்கு ஒரு வழி திறந்துவிடத்தான் பார்த்தார்.

"மாட்டேனுங்க," என்றார் நர்சம்மா.

"பொய் சொல்லலைல்ல? பொறகு என்ன பயம்?"

"பயம் இல்லீங்க. இன்னிக்கு மீனு வரலைன்னு அணைக்கச் சொல்றீங்க. நாளைக்கு ஒரு வீட்டுல கொழந்தை தங்கலைன்னா அதுக்கும் பொருத்துவீங்க. பிரசவம் பாக்கறவ எத்தனை தடவைங்க அணைக்கறது? அப்புறம் நீங்க என்னை நம்பி வரமாட்டீங்க, சூடத்தை நம்பித்தான் வருவீங்க." சொல்லிவிட்டுக் குனிந்து, யாரும் தொடாத அந்தத் தகட்டைச் சட்டியிலிருந்து எடுத்து, முந்தானையில் துடைத்து, இடுப்பில் செருகிக்கொண்டு மருந்தகத்துக்கு நடந்தார். நேரமாகிவிட்டதாம்.

ஊர் கட்டுப்பாடு போட்டுவிட்டது. மருந்தகத்துக்கு யாரும் போகக்கூடாது. போனால் ஊர் விலக்கு: நெருப்பு கிடையாது, தண்ணீர் கிடையாது, வலையில் பங்கு கிடையாது. நர்சம்மா ஆற்றில் இறங்கக்கூடாது என்றும் ஆள் விட்டுச் சொன்னார்கள். மறுநாள் காலை அதே இடத்தில், அதே முழங்கால் தண்ணீரில், வலை இழுப்பவர்களின் கண்ணுக்கு நேராக அவர் நின்று வீசிக்கொண்டிருந்தார். அதற்கு மறுநாளும் அப்படியே. பிடித்த மீனை வாங்க ஆளில்லை. ஒன்றைச் சமைக்க எடுத்துக்கொண்டு மற்றதைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். மருந்தகக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, வராத நோயாளிகளுக்காக மேசையருகே உட்கார்ந்திருப்பார்.

எனக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை திரும்பவில்லை, என் விலாவுக்கு ஒரு பக்கம் தலை முட்டுவதை நானே தடவிப் பார்த்தேன். நர்சம்மா சூடத்தை அணைத்துவிட்டால் தானே என் கையைப் பிடித்துக் கூட்டிப்போவதாக மாமா சொல்லிக்கொண்டிருந்தார். ஆகையால் துணி துவைக்கப் போகிற சாக்கில் ஆற்றுக்குப் போய், கரையில் நின்று நர்சம்மாவிடம் கெஞ்சினேன்.

"எனக்காக ஒரே ஒரு தடவ அணைச்சிட்டு வந்திருங்க. என் புள்ள குறுக்கக் கெடக்குதுன்னு நீங்கதான சொன்னீக?"

அவர் நரம்பைச் சுற்றி முடித்துவிட்டுத் திரும்பினார். "வேற எது வேணும்னாலும் கேளுங்க, தாரனுங்க. இது முடியாதுங்க."

"அப்ப என் புள்ள செத்தாப் பரவாயில்லையா?"

அவர் முகம் வெளிறியது. ஆனால் குரல் மாறவில்லை. "கதவு தொறந்துதானுங்க இருக்குது. நான் பூட்டலை, உங்க ஊருதான் பூட்டுச்சு. நான் சத்தியம் பண்ணி நீங்க வந்தா, அடுத்தவ வாரப்போ அவளுக்கும் நான் பண்ணோணும். நீங்க நடந்து வாங்க. வந்துட்டா மத்ததை நான் பாத்துக்கறேன்."

அவ்வளவு பெரிய திமிரை நான் அதுவரை பார்த்ததில்லை. அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் அவரை வாயில் வந்தபடி திட்டினேன். மலைக்காரிக்கு நெஞ்சில் ஈரமில்லை, பிள்ளை பெற்றிருந்தால் தெரியும் என்றெல்லாம் சொன்னேன். வீட்டு வாசலுக்கு வந்தபோது கோபம் மட்டும் அப்படியே இருந்தது, அழுகை நின்றிருந்தது. அவர் வரமாட்டார், அப்படியானால் போக வேண்டியவள் நான். உள்ளே போய் மாமாவிடம் சொல்லிவிட்டேன்: "வலி எடுத்தா நான் அங்கனதான் போவேன். இப்பவே சொல்லிட்டேன்." என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். அவருக்கு எல்லாக் கேள்விக்கும் தரையில்தான் பதில் இருக்கும். மாமியார்தான் பொரிந்து தள்ளினார்: "ஏண்டி, கட்டுப்பாடு போட்ட வீட்டுலேர்ந்தே மீறிப் போனா இவரு மூஞ்சியை எங்க கொண்டுபோயி வைக்கிறது?" மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

தை பிறந்து கொஞ்ச நாளில், கோழி கூப்பிடுகிற நேரத்தில் வலி எடுத்தது. ஆண்கள் வலைக்குப் போயிருந்தார்கள். மாமியார், கைவைத்தியமாகப் பிரசவம் பார்க்கும் கிழவியைக் கூப்பிடப் போன சமயம் பார்த்து, நான் கொல்லைப்புறமாக வெளியே வந்து ஆற்றங்கரை வழியாக நடந்தேன். வேறு பாதை இருந்தது. சுற்று வழி, யார் கண்ணிலும் படாமல் போகலாம். எனக்கு அவ்வளவு தூரம் நடக்கத் தெம்பில்லை. ஒளிந்து போகவும் மனதில்லை. வலி வரும்போது நின்று, விடும்போது நடந்து, வலை இழுக்கும் இடத்துக்கு வந்தேன். இரண்டு கயிற்றிலும் ஆட்கள் வரிசையாக நின்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் ஏலேலோ நின்றது. வலையைப் பார்த்தபடி இடுப்பளவு தண்ணீரில் நின்ற மாமா திரும்பினார்.

"ஏத்தா, எங்கன போற?"

"எங்க போவேன்னு சொன்னேனோ அங்கனதான் மாமா."

சற்று மேலே, ஆற்றுக்குள், நர்சம்மாவின் பிரம்பு வில்லாக வளைந்திருந்தது. அந்தப் பருவத்திலேயே அவ்வளவு பெரிய கொடுவாயை யாரும் பார்த்திருக்கவில்லை. ஒரு தடவை எகிறியபோது இழுப்பவர்கள் எல்லாரும் தங்களை மறந்து "ஆ" என்றார்கள். பொடிமீனுக்குக் கயிறு இழுத்துக் கை தேய்ந்தவர்கள். அவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மீன் களைத்துப்போய்க் கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் கையில் இருந்திருக்கும். நர்சம்மா என் பக்கம் திரும்பினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற நிலையைப் பார்த்தார். அவ்வளவுதான். விறைத்து நின்ற நரம்பை வாய்க்குக் கொண்டுவந்து பல்லால் கடித்து அறுத்தார். மீன் தகட்டோடு போய்விட்டது. பிரம்பைக் கரையில் எறிந்துவிட்டு, சேலை நனைய ஓடிவந்து என் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"எப்ப எடுத்துச்சுங்க?"

"கோழி கூப்பிட."

"தண்ணி ஒடஞ்சிருச்சா?"

"இல்ல."

"நல்லதுங்க. நடங்க."

எங்களை மறிக்க இரண்டு மூன்று பேர் கயிற்றை விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். மாமாவின் குரல் பின்னாலிருந்து வந்தது: "ஏலே, கயிற விட்டுட்டு எவன்லே போறது? மடி பிரியுது, இழுங்கலே!" அவர் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். மடி பிரியவெல்லாம் இல்லை.

முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தும் நர்சம்மாவின் கையில் மீன் வாசனை இருந்தது. எண்ணெய் தடவி, வயிற்றின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, வலி விடுகிற இடைவெளியில் மட்டும் மெதுவாகத் தள்ளினார். வலி வந்தால் விட்டுவிடுவார். வலி போனால் மறுபடியும் தொடங்குவார். ஆற்றில் அவர் மீனோடு அப்படித்தான் இருந்தார் என்பது அந்த வேதனையிலும் எனக்குத் தெரிந்தது. எனக்குள் ஏதோ புரண்டு கீழே இறங்கியது. "வந்துருச்சுங்க, வந்துருச்சுங்க," என்று அவர் முணுமுணுத்தார். உச்சி வெயிலில் என் மகள் பிறந்தாள். அழுதாள். அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. எனக்கு அது போதவில்லை. இன்னும் அழட்டும், இன்னும் அழட்டும் என்று சொல்லிக்கொண்டே கிடந்தேன்.

வாசலில் மாமா ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். அவர் பேசியது ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது.

"எதுக்கு அந்த மீனை விட்டீக?"

"இழுத்துட்டு நின்னா நேரமாயிருக்குமுங்க."

"அது எம்புட்டுப் பெரிய மீனு தெரியுமா?"

"தெரியாம என்னங்க? எனக்கு மட்டும் வயிறு எரியலையா?"

பிறகு மாமா, "மீனுக்காகச் செய்வினைத் தகடு வைக்கிறவ வந்த மீனை விடமாட்டா," என்றார், தனக்குத் தானே சொல்வதுபோல. அதற்கும் பிறகுதான், "புள்ள?" என்று கேட்டார்.

"பொட்டப் புள்ளைங்க. கத்தறது கேக்கலீங்களா?"

பிள்ளை பிறந்து முப்பது நாள் தீட்டு கழிந்ததும் ஊர் எங்களைக் கூப்பிட்டது. மாமா அன்றைக்கு முன்வரிசையில் உட்காரவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் இடத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு பெரியவர் சொன்னார்: "நடந்தது நடந்துபோச்சு. ஊரை மீறினது தப்பு, இனிமே அங்கன போகமாட்டேன்னு சொல்லிச் சூடத்தை அணைச்சிரு. ஒங்களைச் சேத்துக்கிறோம்." வெற்றிலையின் மேல் சூடத்தை வைத்துப் பொருத்தி என் முன்னால் வைத்தார்கள். நர்சம்மா கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் கண்ணைக் காட்டவும் இல்லை, தலையை ஆட்டவும் இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றார்.

"அணைக்க மாட்டேன். அடுத்த புள்ளைக்கும் அங்கனதான் போவேன்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. தோளில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று எல்லாரும் காத்திருந்தோம். யாரும் சொல்லவில்லை. அணைக்கவென்று பொருத்திய சூடத்தை அணைக்காமல் விட்டால் என்ன செய்வது என்று அந்த ஊரில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. சூடம் எரிந்தது, வெற்றிலை கருகியது, கடைசியில் புகை கூட இல்லாமல் ஓய்ந்தது. அப்போது, என்னை அத்தனை நாளும் கரித்துக்கொட்டிய என் மாமியார் எழுந்து வந்து பிள்ளையை என் தோளிலிருந்து வாங்கிக்கொண்டார். "எரிஞ்சு போச்சுல்ல? புள்ளைக்குப் பசிக்குது. வா வீட்டுக்கு," என்றார்.

விலக்கு விலக்குதான். அந்தப் பருவம் முடியும் வரை மாமாவின் வலையை இழுக்க ஆள் வரவில்லை. நாங்கள் நாலு பேரும் நர்சம்மா கொடுத்த கொடுவாயைத்தான் தின்றோம். இரையில்லாமல் பிடித்த மீன் இனிக்கவே செய்தது. அடுத்த கார்த்திகையில் ஆறு வருவதற்குள் ஒரு பிள்ளைத்தாய்ச்சி கொல்லைப்புற வழியாக மருந்தகத்துக்கு வந்தாள். பிறகு இன்னொருத்தி, அவள் மாமியாரோடு. அதற்குப் பிறகு வாசல் வழியாகவே வந்தார்கள். வலைக்கும் ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். பஞ்சாயத்தில் சூடம் பொருத்திய பெரியவரின் மருமகள் நர்சம்மாவின் கையில் இரட்டைப் பிள்ளை பெற்றாள். நர்சம்மாவை இன்னொரு தடவை யாரோ ஒரு மேலதிகாரியை எதிர்த்துப் பேசியதற்காக வேறெங்கோ மாற்றினார்கள். பிரம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் ஏறினார். போகிற ஊரில் ஆறு இருக்கிறதா என்று கேட்டேன். "இல்லைன்னு சொல்றாங்க. போய்ப் பாத்தாத்தானுங்க தெரியும்," என்றார். இப்போது அவர் உயிரோடு இல்லை.

அந்த ஆறு இப்போது சில வருஷம் வருகிறது, பல வருஷம் வருவதில்லை. மருந்தகம் இருந்த இடத்தில் பெரிய கட்டிடம் எழும்பியிருக்கிறது. பெண்கள் ஆட்டோவில் வந்து இறங்கிப் பிள்ளை பெற்றுக்கொண்டு போகிறார்கள். யாரும் அவர்களிடம் எதையும் அணைக்கச் சொல்வதில்லை. என் மகளுக்கே பேரப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ஊரில் ஒரு விசேஷம் என்றால் எங்களுக்குத்தான் முதல் தாம்பூலம். ஆனால் ஒன்று மட்டும் இன்றுவரை நடக்கவில்லை. அன்று போட்ட விலக்கை எடுத்துவிட்டோம் என்று ஊர் ஒருநாளும் கூடிச் சொல்லவில்லை. எடுங்கள் என்று நாங்களும் போய்க் கேட்கவில்லை. கட்டுப்பாட்டின்படி பார்த்தால் நர்சம்மாவும் நானும் என் மகளும் இன்னும் ஊருக்கு வெளியேதான் நிற்கிறோம். அப்படியே இருக்கட்டும்.